மேடுபள்ளத்தில் நின்றுபோன மோட்டார்: ஒரு இ-பைக்கின் லூஸ் கான்டாக்டைத் தேடிய பதிவு

தார்ச்சாலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் ஒரு குறை இல்லை. மண்பாதையில் இறங்கி, கல்லும் வேரும் குறுக்கே வர ஆரம்பித்தால் மோட்டார் சட்டென்று நின்றுவிடும். சில நேரம் இரண்டொரு நொடியில் தானாகவே திரும்ப வரும். சில நேரம் டிஸ்பிளேயே அணைந்துபோய், பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் எழுந்திருக்கும். ஏற்றத்தின் நடுவே இப்படி ஆனால் 24 கிலோ வண்டியைக் கையால் தள்ள வேண்டியதுதான். வெகுநாள் இழுத்தடித்த அந்தக் கோளாறு இப்போது தீர்ந்துவிட்டது. எங்கெங்கே தேடினேன், எதை அளந்தேன், எதை மாற்றினேன் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். சாலையிலும் கரடுமுரடான தடத்திலும் ஒரே வண்டியை ஓட்டுகிற யாருக்கும் இது ஒருநாள் வரக்கூடியது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அலுமினிய ஃபிரேம், முன்னால் மட்டும் 120 மி.மீ. சஸ்பென்ஷன், 27.5 அங்குலச் சக்கரம். சாதாரண மலைச் சைக்கிளில் கிட் போட்டு இ-பைக் ஆக்கியது. பின்சக்கரத்தின் மையத்தில், உள்ளே பற்சக்கரங்கள் வைத்த 500 வாட் கியர் ஹப் மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் 22 ஆம்பியர் கன்ட்ரோலர், ஃபிரேமின் சாய்ந்த கீழ்க்குழாய் மேல் உட்காரும் 48 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பேட்டரி. பேட்டரிக்குள் 18650 செல்கள் 52 இருக்கின்றன. நான்கு நான்காகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த 13 கட்டுகளைத் தொடராகக் கோத்திருக்கிறார்கள். முழு சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும். 39 வோல்ட் அருகே இறங்கினால் உள்ளே செல்களைக் காக்கும் பிஎம்எஸ் பலகை மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இந்த எண்கள் பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த மாதிரிக் கோளாறில் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்பிளேயைத்தான். மோட்டார் நின்று டிஸ்பிளே மட்டும் எரிந்துகொண்டிருந்தால், பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது; பிரேக் சுவிட்ச், பெடல் சென்சார், மோட்டார் ஒயர் இவற்றில் எதுவோ ஒன்று. டிஸ்பிளேயும் சேர்ந்து அணைந்தால் பேட்டரிப் பக்கம் தேட வேண்டும். என் வண்டியில் இரண்டும் மாறி மாறி வந்ததுதான் குழப்பம். காரணம் பின்னால் புரிந்தது. கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் உண்டு. மின்சாரம் ஒரு கணம் அறுந்தால் அவற்றில் மிச்சமிருப்பது டிஸ்பிளேயைத் தாங்கிப் பிடிக்கும். மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அறுந்தால் அந்த மிச்சத்தை மோட்டாரே உறிஞ்சிவிடும், டிஸ்பிளே போய்விடும். ஆக ஒரே கோளாறு, சுமை எவ்வளவு என்பதைப் பொறுத்து இரண்டு முகம் காட்டியது.

சுலபமானதிலிருந்து ஆரம்பித்தேன். பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் சிறு சுவிட்ச் இருக்கிறது. லீவரை லேசாக இழுத்தாலே மோட்டார் நிற்கும். கரடுமுரடான பாதையில் கை அதிரும்போது லீவர் தானாக ஆடி அந்தச் சுவிட்சைத் தட்டிவிடுவது பல வண்டிகளில் உண்டு. இரண்டு லீவரின் ஒயரையும் கழற்றிவிட்டு, த்ராட்டிலைத் தொடாமல், பழகிய தடத்திலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மாற்றம் இல்லை. திரும்ப மாட்டிவிட்டேன். சோதனைக்காகக் கழற்றுகிறவர்கள் கட்டாயம் திரும்ப மாட்டிவிடுங்கள்; இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் தள்ளிக்கொண்டிருந்தால் ஆபத்து.

அடுத்தது மோட்டாருக்குப் போகும் கேபிள். அதில் தடித்த ஒயர் மூன்று, மெல்லிய ஒயர்கள் சில. மெல்லியவற்றில் சிவப்பும் கறுப்பும், மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுப்பவை. மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சென்சாரின் பதில். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையை ஒவ்வொரு நிறத்திலும் வைத்து, மோட்டார் உள்ளே சுழலும்படி சக்கரத்தைக் கையால் பின்பக்கமாக மெல்லத் திருப்பினால், 0-க்கும் 5-க்கும் இடையே எண் மாறி மாறி விழ வேண்டும். கியர் ஹப்பில் முன்பக்கம் திருப்பினால் உள்ளிருக்கும் கிளட்ச் விட்டுக்கொடுத்துவிடும், எண் அசையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சென்சார் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் மோட்டாரில் மூன்று நிறமும் சரியாக மாறின. கேபிளை இங்கும் அங்கும் வளைத்துப் பிடித்தும் பார்த்தேன். சரி, மோட்டார் பக்கம் பழுது இல்லை.

இப்போது சந்தேகம் பேட்டரிமேல் விழுந்தது. சுமை ஏறும்போது மட்டும் டிஸ்பிளே அணைகிறது என்றால், செல்கள் தளர்ந்து, ஏற்றத்தில் வோல்ட் தாழ்ந்து பிஎம்எஸ் துண்டிக்கிறது என்று நினைக்கத் தோன்றும். வண்டியின் மொத்தச் செலவில் பெரும்பங்கு பேட்டரிதான். அதை மாற்று என்று யார் சொன்னாலும் அளந்து பார்க்காமல் கை வைக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

மேடுபள்ளம் இல்லாத நீண்ட தார் ஏற்றம் ஒன்றில் அளந்தேன். நிற்கும்போது 52.8 வோல்ட். முழு உதவியில் 20 ஆம்பியர் இழுக்கும்போது 50.1. அதாவது 2.7 வோல்ட் இறக்கம். 20-ஆல் வகுத்தால் 0.135 ஓம். செல்கள், பிஎம்எஸ், ஒயர் எல்லாம் சேர்த்து இந்த அளவு பேட்டரிக்கு இது நியாயமான எண். 39-க்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதே ஏற்றத்தில் ஒருமுறைகூட மோட்டார் நிற்கவும் இல்லை. கைப்பேசியை ஹேண்டில்பாரில் மாட்டி, கரடுமுரடான பாதையில் டிஸ்பிளேயை வீடியோ எடுத்து, வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். 51 என்று எரிந்துகொண்டிருந்த திரை, அடுத்த கட்டத்தில் இருட்டு. செல் தளர்ந்திருந்தால் எண் 48, 45 என்று சரிந்துகொண்டே வந்து அணைந்திருக்கும். இது சரியவில்லை, அறுந்தது. எங்கோ லூஸ் கான்டாக்ட்.

லூஸ் கான்டாக்டை வண்டி ஓடும்போது பிடிக்க முடியாது. மேசைமேல் வைத்துப் பிடிக்க ஒரு சுமை வேண்டும். கார் ஹெட்லைட்டில் வரும் 12 வோல்ட், 55 வாட் பழைய ஹாலஜன் பல்புகள் எட்டைச் சேர்த்தேன். நான்கைத் தொடராக இணைத்தால் 52 வோல்ட்டை ஆளுக்கு 13 வோல்ட்டாகப் பங்கிட்டுக்கொள்ளும். அப்படி இரண்டு வரிசை, பக்க இணைப்பில். ஏறக்குறைய 9.5 ஆம்பியர் இழுக்கும். 500 வாட் அருகே சூடு வரும் என்பதால் செங்கல்மேல் வைத்து, பக்கத்தில் துணி, காகிதம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, பேட்டரி உட்காரும் தொட்டிலின் ஒயரில் இந்தப் பல்புகளை மாட்டினேன்.

எட்டும் பளிச்சென்று எரிந்தன. பேட்டரியின் மேல்முனையில் உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டில் லேசாக அழுத்தினேன். எட்டும் ஒரே நேரத்தில் மங்கி, திரும்ப எரிந்தன. இன்னொரு பக்கம் தள்ளினேன். முழுக்க அணைந்து, தொட்டிலின் அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சிறு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பல்பைக் கழற்றிவிட்டு, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டேன். தேடல் அங்கேயே முடிந்தது.

தொட்டிலின் அடியில் தட்டையான பித்தளைத் தகடுகள் நிமிர்ந்து நிற்கும். பேட்டரியின் அடியில் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் பிளந்த வாய்கள். பேட்டரியைச் சரித்து இறக்கினால் தகடு வாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டார்ச் வைத்துப் பார்த்தேன். பாசிட்டிவ் தகட்டின் ஓரத்தில் ஊசியால் குத்தியதுபோல் கறுத்த குழிகள். சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு மூலையில் லேசாக உருகி வழிந்து இறுகியிருந்தது. எதிரே இருந்த வாய், பக்கத்து நெகட்டிவ் வாயைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி அகன்றிருந்தது. பேட்டரியைத் திரும்ப உட்காரவைத்து, பல்புச் சுமையோடு அந்த ஒரு இணைப்பின் இரு பக்கத்துக்கும் நடுவே அளந்தபோது 360 மில்லிவோல்ட். 9.5 ஆம்பியருக்கு அது 38 மில்லிஓம். ஏற்றத்தில் 20 ஆம்பியர் ஓடினால் அந்தச் சின்னத் தகட்டில் மட்டும் 15 வாட் சூடு. பிளாஸ்டிக் உருகியதில் வியப்பே இல்லை.

முதலில் சின்ன வைத்தியம்தான் பார்த்தேன். பேட்டரியின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, தகட்டை 600-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, அகன்ற வாயை ஊசிமூக்குக் குறடால் நெருக்கிவிட்டேன். அளந்தால் 40 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. அப்புறம் அதே பாதையில் அதே கோளாறு. ஒருமுறை சூட்டில் வெந்த வாய்த்தகட்டுக்குக் கவ்வும் விசை போய்விடுகிறது. நெருக்கி வைத்தாலும் அதிர்வில் மறுபடி அகன்றுகொள்ளும். அதுமட்டுமல்ல, தேய்த்ததில் மேல்பூச்சும் போயிருந்தது. வாயைக் குறடால் நெருக்குவது, வீடு வந்து சேர உதவுமே தவிர நிரந்தரமாக ஆகாது.

யோசித்துப் பார்த்ததில் கோளாறின் வேர் அமைப்பிலேயே இருக்கிறது. மூன்றரை கிலோ பேட்டரியைத் தாங்குகிற இடமும் 20 ஆம்பியர் மின்சாரம் கடக்கிற இடமும் ஒன்றாக இருக்கின்றன. தார்ச்சாலையில் இது தாக்குப்பிடிக்கும். கல்லில் குதிக்கும்போது பேட்டரி ஆடுகிற ஒவ்வொரு ஆட்டமும் தகட்டில் உரசலாக விழுகிறது. உரசும் கணத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் பொறி, பொறி பட்ட இடத்தில் குழி, குழி விழுந்தால் இன்னும் சூடு. ஆகவே இரண்டு வேலையையும் பிரித்துவிட முடிவு செய்தேன். தொட்டில் தாங்குவதற்கு மட்டும். மின்சாரம் தனி ஒயரில், தனி கனெக்டரில்.

இதற்குப் பேட்டரியின் அடிமூடியைத் திறக்க வேண்டும். லித்தியம் பேட்டரியில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் எல்லாமே எப்போதும் உயிரோடு இருப்பவை, அணைக்க வழியே இல்லை. மோதிரம், உலோக வாட்ச் கழற்றினேன். ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் முனை மட்டும் தெரியும்படி இன்சுலேஷன் டேப் சுற்றினேன். அடிமூடிக்குள் 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் இருந்தது. அதைப் பிடுங்கியதும் அதற்குப் பிந்தைய பாசிட்டிவ் ஒயர் செத்துவிடும். அதன் பிறகும் ஒரு நேரத்தில் ஒரு ஒயர்தான். பாசிட்டிவ் வேலை முழுக்க முடிந்து டேப் போட்டு மூடிய பிறகே நெகட்டிவைத் தொட்டேன். செல் கட்டுகளுக்குப் போகும் மெல்லிய சமன்படுத்தும் ஒயர்களின் பக்கமே போகவில்லை. அவை ஒன்றோடொன்று உரசினால் வினை.

12 கேஜ் சிலிக்கான் ஒயர் எடுத்தேன். சாதாரணப் பிவிசி ஒயரைவிட வளையும், சூடும் தாங்கும். அடிமூடியில் துளை போட்டு, ரப்பர் வளையம் செருகி, அதன் வழியாக ஒயரை வெளியே கொண்டுவந்தேன். உள்பக்கம் ஒயரில் ஒரு கேபிள் டை இறுக்கியிருக்கிறேன். வெளியே யாராவது இழுத்தாலும் சால்டர்மேல் இழுவை போகாது. கனெக்டருக்கு எக்ஸ்டி90, அதிலும் பொறி தடுக்கும் வகை. அந்த வகையில் 5.6 ஓம் மின்தடை ஒன்று உள்ளே இருக்கிறது. மாட்டும்போது கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர் முதலில் அதன் வழியாக மெல்ல நிரம்பும், அப்புறம்தான் முழு இணைப்பு. பழைய தகட்டில் இருந்த குழிகளில் பாதி, பேட்டரியை மாட்டும்போது வரும் பொறியால் ஆனவை என்பது என் எண்ணம். பேட்டரிப் பக்கத்தில் பெண் முனையைத்தான் வைக்க வேண்டும். மின்சாரம் உள்ள பக்கம் உலோகம் வெளியே தெரியக்கூடாது.

எக்ஸ்டி90-க்கு சால்டர் வைக்க 25 வாட் இரும்பு உதவாது. 60 வாட், அகலமான முனை, தாராளமாக ஃப்ளக்ஸ். கனெக்டரின் ஆணையும் பெண்ணையும் சேர்த்து மாட்டிவைத்துக்கொண்டு சூடு காட்டினால் உள்ளே இருக்கும் பின் சாயாது. முதலில் ஒயரிலும் குழியிலும் தனித்தனியாக ஈயம் ஊட்டி, அப்புறம் இரண்டையும் சேர்த்து உருக்கினேன். சரியாக ஒட்டிய சால்டர் பளபளவென்று ஒயர் இழைகளுக்குள் இறங்கியிருக்கும். மேலே உருண்டையாக நின்றால் உள்ளே பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சால்டருக்கு முன்பே ஒயரில் கோத்துவிட வேண்டும். தொட்டிலில் இருந்த பித்தளைத் தகடுகளை முழுக்கக் கழற்றி எடுத்துவிட்டேன்.

மறுபடி பல்புகள். கனெக்டரின் இரு பக்கத்துக்கும் நடுவே 5 மில்லிவோல்ட். பேட்டரியைக் குத்தினாலும் உலுக்கினாலும் ஒரு பல்பும் இமைக்கவில்லை. ஒயர், கனெக்டர், ஷ்ரிங்க் குழாய் எல்லாம் சேர்த்தாலும் புது பேட்டரி விலையில் மிகச் சிறிய பங்குதான்.

பாதி வேலை இன்னும் இருந்தது. பேட்டரி ஏன் அவ்வளவு ஆடியது என்று பார்க்க வேண்டும். தொட்டிலை ஃபிரேமில் பிடித்திருப்பவை தண்ணீர்ப் பாட்டில் மாட்டுவதற்கான இரண்டு எம்5 போல்ட்கள், 64 மி.மீ. இடைவெளியில். பாட்டிலுக்கு அது போதும். ஒன்றே கால் அடி நீள, மூன்றரை கிலோ பேட்டரிக்குப் போதாது. மேல்முனையில் 3 மி.மீ. ஆட்டம் இருந்தது. ஃபிரேமில் புதுத் துளை போடுவதை நான் விரும்பவில்லை. அலுமினியக் குழாயில் துளை போட்ட இடத்தில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும். அதனால் தொட்டிலின் மேல்முனையில் ரப்பர் பட்டை வைத்து, அதன்மேல் ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் போட்டு குழாயோடு சேர்த்து இறுக்கினேன். தொட்டில் தண்டவாளத்தின் உள்பக்கம் 1 மி.மீ. ரப்பர் டேப். பேட்டரிக்கு மேலே நடுவில் 25 மி.மீ. அகல வெல்க்ரோ வார். எம்5 போல்ட்டை 4 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கவில்லை, போல்ட் தானாகத் தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட் லாக் பசை ஒரு சொட்டு. அதற்கு மேல் முறுக்கினால் ஃபிரேமுக்குள் இருக்கும் நட் தனியாகச் சுற்ற ஆரம்பிக்கும், அது பெரிய தொல்லை. இப்போது பேட்டரியைப் பிடித்து உலுக்கினால் வண்டியே சேர்ந்து அசைகிறது.

அதே தடம், அதே வேர்கள், அதே வேகம். மோட்டார் ஒருமுறைகூட நிற்கவில்லை. மழை பெய்து ஊறிய பாதையிலும் ஓட்டிவிட்டேன்.

வண்டி பிரிந்து கிடந்தபோதே பின்சக்கரத்தையும் பார்த்துவிட்டேன், அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிட்டோடு வந்த சக்கரத்தில் 13 கேஜ் ஸ்போக்ஸ் கம்பிகள், 2.3 மி.மீ. தடிமன். தடித்த கம்பி என்றால் உறுதி என்று தோன்றும். கரடுமுரடான பாதையில் அதுதான் முதலில் உடைந்தது, அதுவும் ரிம்மில் கம்பியை இறுக்கும் நிப்பிளின் ஓரத்தில். தடித்த கம்பியை அது நீளும் அளவுக்கு இறுக்க முயன்றால் ரிம் தாங்காது. இறுக்காமல் விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தளர்ந்து இறுகி, தளர்ந்து இறுகி, களைத்து உடையும். மோட்டாரின் விளிம்பு பெரிது என்பதால் கம்பி ரிம்மில் நுழையும் கோணமும் மோசம்.

முனையில் 2.0 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. உள்ள கம்பிகள் 36 வாங்கி, ஒவ்வொரு கம்பியும் இன்னொன்றை ஒரே இடத்தில் கடக்கும்படி ஒற்றைக் குறுக்காகக் கோத்தேன். மூன்று குறுக்கு போட்டால் அந்தக் கோணம் இன்னும் சாய்ந்துவிடும். மோட்டாரின் துளைகள் தடித்த கம்பிக்கு வெட்டியவை, மெல்லிய கம்பியின் தலை அதில் ஆடும். ஒவ்வொரு தலைக்கும் அடியில் சிறு பித்தளை வாஷர் போட வேண்டும். கோட்டம் எடுக்க ஸ்டாண்ட் இல்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஃபிரேமில் கேபிள் டை ஒன்றைக் கட்டி அதன் நுனியை ரிம்முக்கு அருகே நீட்டி, அது உரசும் இடத்தில் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று முறுக்கினேன். கம்பியை விரலால் மீட்டினால் ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் மனதுக்குப் பிடித்த வேலை. அதன் பிறகு ஒரு கம்பியும் உடையவில்லை.

மோட்டார் அச்சு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். அச்சின் இரு தட்டைப் பக்கங்களும் ஃபிரேமின் வாயில் உட்கார்ந்து, மோட்டாரின் முறுக்கு முழுவதையும் தாங்குகின்றன. அலுமினிய வாய் ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அச்சு சுழன்று கேபிளை முறுக்கி அறுத்து, சக்கரமே வெளியே வந்துவிடும். அச்சு சுழலாமல் ஃபிரேமோடு பிடித்துவைக்கும் ஸ்டீல் டார்க் ஆர்ம் இரண்டு பக்கமும் போட்டிருக்கிறேன், நட் 40 நியூட்டன் மீட்டர். கரடுமுரடாக ஓட்டி வந்த பிறகெல்லாம் ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுவேன். அந்த 18 மி.மீ. ஸ்பேனர் எப்போதும் பையில் இருக்க வேண்டும், அது இல்லாமல் பின்சக்கரப் பஞ்சரைத் தொடவே முடியாது.

பஞ்சர் என்றதும் காற்று அழுத்தம். என் டயர் 2.4 அங்குலம். தார்ச்சாலைக்கு 38 பிஎஸ்ஐ, மண்பாதைக்கு முன்னால் 21, பின்னால் 25. பின்னால் மோட்டாரின் கனம் ரிம்மோடு சேர்ந்து கல்லில் மோதுகிறது. முன்சக்கரத்தின் அளவுக்குக் குறைத்தால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு துளை விழும். ட்யூப் இல்லாமல் சீலன்ட் ஊற்றியது இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்தது. சாலையும் மண்ணும் கலந்த நாளில் 28 வைத்துக்கொண்டு இரண்டையும் சமாளிக்கிறேன். பிரேக்குக்கு முன்னால் 203, பின்னால் 180 மி.மீ. டிஸ்க், உலோகப் பேட். இந்த எடைக்கு 160 போதாது.

ஓட்டும் விதத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஹப் மோட்டாரை ஏற்றத்தில் தவழவிடாதீர்கள். நானும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ. 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. போக, ஏறுவதற்கு மட்டும் 270 வாட் வேண்டும். மண்ணின் இழுப்புக்கு இன்னும் 50 வாட் போல. கால் 120 கொடுத்தால் மீதி 200 மோட்டாருடையது. 32 கி.மீ. வேகத்துக்கு ஏற்றபடி கம்பி சுற்றிய மோட்டார் 10-ல் ஓடும்போது வாங்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகவே போகும். உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் நைலான், சூட்டில் இளகும். நான் 12-க்குக் கீழே வேகம் விழும்போது சின்ன கியருக்கு மாறி, காலை அழுத்தி மிதிப்பேன். அதற்கும் மேல் செங்குத்தென்றால் இறங்கி, நடைவேக உதவியில் தள்ளிக்கொண்டு போவது நல்லது. மேலே ஏறியதும் மோட்டாரின் மூடியில் கை வைத்துப் பார்ப்பேன். கை வைத்திருக்க முடியவில்லை என்றால் ஓய்வு.

பேட்டரி எவ்வளவு தூரம் வரும் என்றால், 48 வோல்ட்டை 14-ஆல் பெருக்கினால் 672 வாட்-மணி. நிதானமான உதவியில் சாலையில் கிலோமீட்டருக்கு 11 வாட்-மணி, மண்பாதையில் 20-க்கு மேல். ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துவிட்டுத்தான் பாதையைத் திட்டமிடுவேன். கழுவும்போது வாளியும் துணியும்தான், அழுத்தக் குழாய் கூடவே கூடாது. மோட்டார் கேபிள் அச்சுக்குள் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு இருக்கட்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், இல்லையென்றால் கேபிள் வழியாக நேராக மோட்டாருக்குள் போகும்.

அடுத்த முறை முதலிலிருந்து கட்டுவதாக இருந்தால், தொட்டில் வகைப் பேட்டரியே வேண்டாம். ஃபிரேமின் முக்கோணத்துக்குள் இறுகக் கட்டும் பையில் பேட்டரி, ஆரம்பத்திலிருந்தே எக்ஸ்டி90. பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் காந்த வளையச் சென்சாருக்குப் பதில், கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் டார்க் சென்சார். கல் நிறைந்த இடத்தில் அரைச் சுற்று மிதித்ததும் மோட்டார் தாமதமாக வந்து தள்ளுவது இந்த வண்டியில் இன்னும் தீராத குறை. உதவி அளவை ஒன்றில் வைத்து, தேவையான இடத்தில் த்ராட்டிலால் சமாளிக்கிறேன். பெடல் அச்சில் வரும் நடு மோட்டாரையும் யோசித்தேன். கியர் எல்லாவற்றையும் பயன்படுத்தி ஏறும், பின்சக்கரமும் இலேசாக இருக்கும். ஆனால் முழு விசையும் செயின் வழியாகப் போகும். 24 கண்ணி நீளம் 304.8 மி.மீ.-லிருந்து 306.3-ஐத் தொட்டால் செயினை மாற்ற வேண்டும், அந்த நாள் சீக்கிரமே வரும். சாலை பாதி, மண் பாதி ஓட்டுகிற எனக்கு ஹப் மோட்டாரே இருக்கட்டும் என்று இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

இனி மோட்டாரைத் திறந்து நைலான் பற்களைப் பார்க்க வேண்டும். சுமையில் லேசான கரகர சத்தம் வர ஆரம்பித்திருக்கிறது. கிரீஸ் வற்றியிருக்கலாம், பல் தேய்ந்திருக்கலாம். மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பற்களின் அகலத்தை வெர்னியரில் அளந்துவிட்டு முடிவு செய்யப்போகிறேன்.